ஆசார்யனின் கண்டிப்பும் சிஷ்யனின் சங்கையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருளிச்செயல்களின் ஆழ்பொருளை ஓர் ஆசார்யன் திருமுகமாகக் கேட்டு அறிய வேண்டும் என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் முறை. அப்படிக் கேட்கப் புகுந்தவனுக்கு அர்த்தம் எதிர்ப்படுவதற்கு முன்பே ஆசார்யனின் கண்டிப்பு எதிர்ப்படும். பாசுரங்களைச் சந்தை சொல்லிப் பிழையறக் கற்றபின்பே வ்யாக்யானத்துக்கு வரலாம் என்பார். ரஹஸ்யார்த்தம் வேண்டுமென்றால், இன்னும் சிறிது காலம் ஆகட்டும் என்பார். பல ஆண்டுகள் கேட்டவனைப் பின்னே இருத்தி, நேற்று வந்தவனை அருகே அழைப்பார். அப்போது சிஷ்யன் நெஞ்சில் ஒரு கேள்வி எழுகிறது: இவர் நம் நன்மைக்காகத்தான் இப்படிச் செய்கிறாரா?

இந்தக் கேள்வியை அடக்கிவிட்டு வாய் மூடியிருப்பது பெருமை என்று சிலர் நினைக்கிறார்கள். கேள்வி எழுந்தவுடன் ஆசார்யனை மாற்றிக்கொள்வது அறிவுடைமை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். நம் பூர்வாசார்யர்களின் சரித்ரம் இவ்விரண்டையும் காட்டவில்லை. அதனைச் சிறிது அனுபவிப்போம்.

கண்டிப்புக்குப் பேர்போனவர் திருக்கோஷ்டியூர் நம்பி. ஆளவந்தாரின் சிஷ்யரான அவரிடம் சரமச்லோகத்தின் பொருளைக் கேட்பதற்காக எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்பது நாம் அனைவரும் அறிந்தது. ஒரு முறை மறுத்தால் பணிவுக்குச் சோதனை என்று கொள்ளலாம். பத்து முறை மறுத்த பின்பும் அப்படிக் கொள்வது எளிதன்று. அந்நாளிலேயே உடையவர் திருவரங்கத்தில் மடத்துக்குத் தலைவர், பலருக்கு ஆசார்யர். அவருக்கு நம்பியின் மனத்தைச் சங்கிப்பதற்குக் காரணம் வேண்டிய அளவு இருந்தது. அவர் சங்கிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் குறை தம்மிடத்தில் என்று எண்ணித் திரும்பினார், மறுபடியும் நடந்தார். பின்னாளில் அவர் தம் சிஷ்யர்களிடம் எத்தனை கடுமை காட்டினாலும், அந்தக் கடுமையைத் தாம் முன்பே நடந்து கடந்தவர் என்பதை மறக்கலாகாது.

அத்தகைய உடையவரிடமும் சிஷ்யர்களுக்குச் சங்கை உண்டாயிற்று. அவர் மடத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத பலர் ஒரே கூட்டமாக இருந்தார்கள். வேதாந்தம் கற்றுத் துறவு பூண்டவர்கள் இருந்தார்கள். செல்வத்தைத் துறந்து வந்த கூரத்தாழ்வான் போன்ற க்ருஹஸ்தர்கள் இருந்தார்கள். உறையூரில் அரசனிடம் மல்லராகச் சேவகம் செய்து, மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு அவளுக்குக் குடை பிடித்து வந்து, பெரிய பெருமாளின் திருக்கண்களைக் கண்டபின் அத்திருக்கண்களுக்கே ஆட்பட்ட பிள்ளை உறங்காவில்லி தாஸரும் இருந்தார். துறவிகளுக்கு நியமங்கள் பல. தாஸருக்கோ மனைவி உண்டு, வீடு உண்டு, அவள் அணியப் பொன்னும் உண்டு.

உடையவர் காவேரியில் நீராடச் செல்லும்போது முதலியாண்டான் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். நீராடித் திரும்பும்போது உறங்காவில்லி தாஸர் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். துறவிகள் இதைக் கண்டு மனம் கலங்கினார்கள். எங்களுக்கு இத்தனை ஆசாரம் விதித்தவர், நீராடித் தூயரான பின்பு பிறப்பிலும் வாழ்க்கை நிலையிலும் எங்களினும் தாழ்ந்த ஒருவர் கையைத் தொடலாமா என்று தங்களுக்குள் குறைபட்டுக்கொண்டார்கள். தங்களிடம் ஓர் அளவுகோலும் தாஸரிடம் வேறோர் அளவுகோலும் ஆசார்யன் வைத்திருக்கிறார் என்பதே அவர்களின் சங்கை.

உடையவர் தம் செயலுக்கு நியாயம் சொல்லவில்லை. ஓர் இரவு, கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அவர்களுடைய துணிகளில் ஒவ்வொரு சாணைக் கிழித்து வைக்கச் செய்தார். விடிந்ததும் மடத்தில் பெரும் சண்டை. அனைத்தையும் துறந்தவர்கள் ஒரு சாண் துணிக்காக ஒருவரையொருவர் சொல்லத்தகாத சொற்களால் ஏசினார்கள். பிறகு ஒருநாள் தாஸரைத் தம்மிடம் பேச்சில் இருத்திக்கொண்டு, அதே சிஷ்யர்களை அழைத்து, தாஸர் வீட்டுக்குச் சென்று உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றி வருமாறு நியமித்தார்.

அவர்கள் சென்று ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினார்கள். பொன்னாச்சியார் விழித்துத்தான் இருந்தார். ஸ்ரீவைஷ்ணவர்கள் ஏதோ தேவைக்காக எடுக்கிறார்கள் என்று மகிழ்ந்து, மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். வந்தவர்கள் அஞ்சி ஓடிவந்துவிட்டார்கள். உடையவர் தாஸரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே நடப்பதை மறைந்திருந்து கேட்கும்படி அவர்களைப் பின்னே அனுப்பினார். நடந்ததை அறிந்த தாஸர் நகை போனதற்கு வருந்தவில்லை. மனைவி புரண்டு படுத்ததற்கு வருந்தினார். நான் கொடுக்கிறேன், என்னுடையதைக் கொடுக்கிறேன் என்ற எண்ணம் இருந்ததால் அல்லவா புரண்டாய், அசையாமல் கிடந்திருந்தால் அவர்கள் தங்களுடையதைத் தாங்களே கொண்டுபோயிருப்பார்களே என்று கடிந்துகொண்டார். அவளும் அதைத் தன் குற்றமாகவே ஏற்று வருந்தினாள்.

கேட்டு வந்தவர்களிடம் உடையவர், துணி கிழிந்த அன்று நீங்கள் நடந்துகொண்டதையும் பொன் போன அன்று இவர்கள் நடந்துகொண்டதையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். அவர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள்.

இந்தச் சரித்ரத்தை நாம் பெரும்பாலும் தாஸ தம்பதிகளின் பெருமைக்காகவே சொல்கிறோம். அந்தத் துறவிகளின் இடத்தில் நின்றும் ஒருமுறை இதனைக் கேட்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீடு வாசலை விட்டு ஆசார்யனை நாடி வந்தவர்கள். அவர்கள் செய்த பிழை ஒன்றே. ஆசார்யனைப் பற்றி எழுந்த கேள்வியை ஆசார்யனிடம் கொண்டுசெல்லாமல் தங்களுக்குள் வைத்துப் பேசினார்கள். பேசப் பேச அது வளர்ந்தது. ஆசார்யன் ஏன் இதைச் செய்கிறார் என்ற கேள்வி, ஆசார்யன் பக்ஷபாதம் உடையவர் என்ற தீர்ப்பாக முடிந்தது. உடையவரோ அவர்களைத் துரத்தவில்லை, திருத்தினார். அவர் கிழித்தது ஒரு சாண் துணி. அதனால் அவர்கள் இழந்தது அஹங்காரம்.

ஆசார்யனிடம் குறை காணாத சிஷ்யர்களும் அதே மடத்தில் இருந்தார்கள். கூரத்தாழ்வான் சரமச்லோகத்தின் பொருளை வேண்டியபோது, ஓராண்டு பணிவிடை செய்தவனுக்கே சொல்லுமாறு நம்பியின் நியமனம் என்றார் உடையவர். ஆழ்வான் அதைத் தள்ளவும் இல்லை, நொந்துகொள்ளவும் இல்லை. ஓராண்டு உயிரோடு இருப்பேன் என்பது நிச்சயமில்லையே, வேறு வழி உண்டா என்று நேரே கேட்டார். ஒரு மாதம் உபவாஸம் இருப்பது அதற்கு ஒக்கும் என்று அறிந்து, அப்படியே இருந்து பெற்றார்.

முதலியாண்டானுக்கு இன்னும் கடினமான வழி வாய்த்தது. அவர் உடையவரின் மருமகன், பெரிய வித்வான். அவரைத் திருக்கோஷ்டியூர் நம்பியிடமே போய்க் கேட்குமாறு உடையவர் அனுப்பினார். ஆறு மாதம் காத்திருந்தபின் நம்பி, கல்வி, செல்வம், குலம் என்னும் மூன்றினால் வரும் செருக்கு நீங்கினால் உம் ஆசார்யரே சொல்வார் என்று திருப்பி அனுப்பினார். பின்பு பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாய்க்குப் புகுந்த வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தபோது, உடையவர் முதலியாண்டானையே அனுப்பினார். அந்த வித்வான் அந்த வீட்டில் சமையல் செய்தார். அவர் யார் என்பதை அறிந்து அவ்வீட்டார் நடுங்கி, திரும்பிச் செல்லுமாறு வேண்டியபோதும், உடையவர் நியமனம் வந்தாலொழியப் போகேன் என்றார். உறவினன் என்ற சலுகை எதிர்பார்த்திருந்தால் அவர் நெஞ்சில் எத்தனை சங்கைகள் முளைத்திருக்கும்!

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். அப்படியானால் ஆசார்ய ஸ்தானத்தில் இருப்பவர் எது செய்தாலும் பொறுத்துக்கொண்டே இருப்பதுதான் சிஷ்ய லக்ஷணமா? அன்று. இதற்கும் எம்பெருமானாரே ப்ரமாணம். இளையாழ்வாராக இருந்த காலத்தில் அவர் திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் வாசித்தார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்க்கும் வேளையில், சாந்தோக்ய உபநிஷத்தில் பரமபுருஷனின் திருக்கண்களைக் கூறும் இடத்துக்கு யாதவப்ரகாசர் இழிவான உவமை தோன்றப் பொருள் சொன்னார். இளையாழ்வாரின் கண்ணீர் ஆசிரியர் மேல் சுடச்சுட விழுந்தது. காரணம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. தாமரையை உவமையாக்கித் தக்க பொருளை எடுத்துரைத்தார். சிஷ்யன் சொன்ன நல்ல பொருளைக் கேட்டு ஆசிரியர் மகிழவில்லை, பகை கொண்டார். காசி யாத்ரை என்று அழைத்துச் சென்று உயிரைப் போக்கவும் எண்ணினார். உடன் வந்த கோவிந்தர் விந்த்யாடவியில் அதனை அறிவித்தபோது இளையாழ்வார் தயங்காமல் விலகினார். பேரருளாளன் பெருந்தேவித் தாயாரோடு வேடுவ வேஷத்தில் வழித்துணையாக வந்து அவரைக் காஞ்சியில் சேர்த்தான்.

ஆகவே விலக வேண்டிய இடம் உண்டு. அதனை அறியும் உரைகல்லையும் இந்தச் சரித்ரங்களே தருகின்றன. சிஷ்யன் உயரும்போது ஆசார்யன் திருமுகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யாதவப்ரகாசரின் கடுமை தம் புகழைக் காத்துக்கொள்வதற்காக எழுந்தது. சிஷ்யன் தம்மை மிஞ்சியவுடன் அது கொலையெண்ணமாயிற்று. நம்பியின் கடுமை அர்த்தத்தின் பெருமையைக் காப்பதற்காக எழுந்தது. யாருக்கும் சொல்லலாகாது என்று ஆணையிட்டுக் கொடுத்த பொருளை உடையவர் ஆசையுடையார்க்கெல்லாம் வெளியிட்டபோது நம்பி வெகுண்டார். தமக்கு நரகம் வந்தாலும் பலர் உய்வர் என்று உடையவர் விண்ணப்பித்ததைக் கேட்டவுடன் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அவரை அணைத்துக்கொண்டு எம்பெருமானார் என்று பெயரிட்டார். இருவரும் கோபித்தவர்களே. சிஷ்யனின் ஏற்றம் ஒருவருக்குப் பொறாமையாயிற்று, மற்றவருக்குப் பேருவகையாயிற்று.

பகை கொண்ட யாதவப்ரகாசரையும் உடையவர் பின்னாளில் தள்ளவில்லை. அவர் மனம் மாறி வந்தபோது ஏற்றுக்கொண்டு, கோவிந்த ஜீயர் என்ற பெயரோடு தம் சிஷ்யராக்கிக்கொண்டார். விலகியபோதும் நெஞ்சில் பகையை வைத்துக்கொள்ளாததால் அல்லவா இது கைகூடிற்று!

இனி, நல்ல ஆசார்யனே ஓரிடத்தில் பிழைபடச் சொல்வதாகத் தோன்றினால் என் செய்வது? ஸ்ரீபாஷ்யம் எழுதுவித்தபோது உடையவர் கூரத்தாழ்வானிடம், நாம் சொல்வது உமக்குப் பொருந்தாவிட்டால் எழுதாமல் நிறுத்தும் என்று நியமித்திருந்தார். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லும் இடத்தில், அறிவுடைமையை மட்டும் கூறி எம்பெருமானுக்கு அடிமையாயிருக்கும் தன்மையைக் கூறாது விட்டபோது ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். உடையவர் சினந்தார். பிறர் வந்து ஆழ்வானிடம் கேட்டபோது, உடைமையை உடையவன் எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம், அடியேன் அவருடைய உடைமை என்றார். உடையவர் பின்பு ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே தகும் என்று தெளிந்து, திருத்திச் சொன்னார்.

ஆழ்வான் எழுதவும் இல்லை; எழுந்து போகவும் இல்லை. பொருளில் ஐயம் வந்தபோது ஆசார்யன் முன்னிலையிலேயே அதனைக் காட்டினார். ஆசார்யன் திருவுள்ளத்தில் மட்டும் ஐயம் கொள்ளவில்லை. பொருளைப் பற்றிய ஐயம் சிஷ்யனை ஆசார்யன் அருகே கொண்டுவரும். அவர் மனத்தைப் பற்றிய சங்கை அவனை அவரிடமிருந்து பிரித்துவிடும். முன்னது கல்வி, பின்னது கல்விக்கு இடையூறு.

இன்று கடல் கடந்த தேசங்களிலும் அடியார்கள் கணினி வழியாகக் காலக்ஷேபம் கேட்கிறார்கள். ஓரிடத்தில் மனம் ஒப்பாவிட்டால் அடுத்த இடத்துக்குச் செல்வது இப்போது மிக எளிது. உடையவர் 18 முறை நடந்தார். நமக்கோ விரல் நுனியே போதும். அதனாலேயே, விலகுமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆசார்யனின் கண்டிப்பு நமது எதனைத் தொட்டது? ஆத்ம நன்மையையா, அல்லது ஒரு சாண் துணியையா? நன்மைக்கே கேடு என்றால் இளையாழ்வாரைப் போல் பகையின்றி விலகுவோம். ஒரு சாண் துணிதான் என்றால், நம்மோடு ஒத்த மனமுடையவர்களிடம் புலம்பாமல், அந்த ஆசார்யன் திருமுன்பே சென்று பணிவோடு கேட்போம். அவர் உண்மையான ஆசார்யராயின், ஏதோ ஒரு நாள் நம் கையையும் பிடித்துக்கொண்டு படியேறுவார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.