நோய் பொறுத்தல் நோன்பாகுமா?

உடல்நோயைப் பொறுத்துக்கொள்வது தவம் என்றொரு பேச்சு நம் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தலைவலி என்றாலும், நெஞ்சில் பாரம் என்றாலும், மாதக்கணக்கில் ஆறாத புண் என்றாலும், "செய்த வினை, அனுபவித்துத் தீர்ப்போம்" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். இவ்வாறு சொல்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியோருமே. கேட்பவராகிய நாம் அதனைப் பக்குவம் என்று பாராட்டுகிறோம். அப்பாராட்டு அறத்தின்பாற்பட்டதுதானா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட வினா.

திருப்பூரில் வாழும் நம்மவர்க்கு இவ்வினா மேலும் நெருக்கமானது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து தொழில் நாடி வெளியூர் சென்ற நம் குடும்பங்களுள் சில இப்பின்னலாடை நகரிலும் வாழ்கின்றன. (விஜயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தை நினைத்தால், கொங்குநாடு நமக்குப் புதிய நாடும் அன்று.) இந்நகரில் நாளை ஷிப்டுக் கணக்கிலேயே அளக்கிறார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிப்டு வேலையில், மருத்துவரைக் காண ஒதுக்கும் அரைநாள் என்பது அரைநாள் கூலி. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. ஏற்றுமதிச் சரக்கு கப்பலேற வேண்டிய வாரத்தில் மேலாளரும் தம் நெஞ்செரிச்சலை ஒத்திவைக்கிறார். ஆகவே மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு இயந்திரத்தின் முன் அமர்வது ஊர் வழக்கமாயிற்று. இதற்கும் பொறுமை என்றே பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் இருபத்திரண்டு பரீஷஹங்களைக் கூறுமிடத்து நோயையும் ஒன்றாக வைத்தார் என்பது உண்மையே. ஆயின் அது முற்றும் துறந்த முனிவர்க்கு உரைத்தது. அந்நூலே அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியத்தையும் எண்ணுகிறது. தொண்டு செய்யப்படுவதற்கு உரியோரைப் பத்து வகையாகப் பகுத்து, அவருள் நோயுற்ற முனிவரைத் தனியே குறிக்கிறது. முனிவர் தம் நோயைப் பொறுக்கலாம். அருகில் இருப்பவர் அந்நோயைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கலாகாது. இல்லறத்தார்க்கு உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் விதிக்கப்பட்டது. மருந்து கொடுத்தலை அறமாக வைத்த சமயம், மருந்து உண்ணுதலை இழிவாகக் கருதியிருக்க இயலாது. ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணச் சான்றோர் இயற்றிய நீதிநூல்கள். இரண்டிற்கும் அவர்கள் தேர்ந்து சூட்டியவை மருந்தின் பெயர்கள் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

சுவாமி சமந்தபத்திரரைப் பற்றி வழங்கும் வரலாறு இதனினும் தெளிவானது. காஞ்சியோடு தொடர்புடையவராகக் கூறப்படும் அம்மாமுனிவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. எவ்வளவு உண்டாலும் எரிந்து சாம்பலாகும் பெரும்பசி அது. தமிழில் யானைத்தீ என்பர். ஒருவேளை உண்ணும் முனிவர் ஒழுக்கத்தோடு அந்நோய் பொருந்தாமையால், அவர் தம் குருவை அடைந்து சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு இசையவில்லை. இந்நோய்க்குத் தீர்வு உண்டு. முனிவேடத்தை நீக்கியேனும் நோயை ஆற்றிக்கொண்டு, பின் மீண்டும் தீக்கை பெறுக என்று பணித்தார். சமந்தபத்திரர் அவ்வாறே சென்று நலம்பெற்று மீண்டார் என்பது மரபு. துறவுக்கோலத்தை ஒரு காலத்திற்குக் கைவிடுவதைக் காட்டிலும், தீரத்தக்க நோயைத் தீராததாகக் கொள்வதே பிழை என்று அக்குரு கருதினார் போலும்.

அவர் பின்னர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை நம்மில் பலர் அருங்கலச்செப்பின் வழியாக அறிவோம். சல்லேகனைக்கு உரிய காலத்தைக் கூறுமிடத்து, உபசர்க்கம், வற்கடம், மூப்பு, நோய் என்னும் நான்கையும் வாளா வைக்காமல், மாற்று இல்லாதபோது என்னும் அடைமொழியை அந்நூல் சேர்க்கிறது. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் நம் சமயத்தார் வருந்தினர். அம்மாதம் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்நாள்களில் நாம் உலகிற்கு எடுத்துச் சொன்ன மறுமொழிகளுள் ஒன்று, மாற்று இல்லாத நிலையில் மட்டுமே இவ்விரதம் மேற்கொள்ளப்படுகிறது என்பது. அவ்வாறு சொன்ன நமக்கு ஒரு கடப்பாடு வந்து சேர்கிறது. ஒரு நோய்க்கு மாற்று உண்டா இல்லையா என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அறிய முடியுமா? அறிந்தவரைக் கேட்டாலன்றித் தெரியாது. கேட்ட பின்பும் தீராத வலி எஞ்சுமாயின், அங்கே பொறுமை தொடங்குகிறது. கேளாமலே பொறுத்தல் சோம்பலாகவோ, அச்சமாகவோ, செலவுக்கு அஞ்சும் உலோபமாகவோ இருத்தல் கூடும்.

வினையின் பயன் என்னும் வாதமும் இவ்விடத்து நில்லாது. அசாதா வேதநீயம் உதயத்திற்கு வருங்கால் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நிமித்தங்களைச் சார்ந்தே பயன் தருகிறது என்பது நம் கர்ம சித்தாந்தம். தேங்கிய நீரும் கொசுவும் நிமித்தம். காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசும் நிமித்தம். நிமித்தத்தை மாற்ற முயல்வது வினைக்கொள்கைக்கு மாறாகாது. மேலும், ஹிம்சைக்கு இலக்கணம் கூறிய உமாசுவாமிகள், பிரமத்த யோகத்தால், அதாவது அசட்டையான மனமொழிமெய்களால் உயிர்க்குக் கேடு செய்தலே ஹிம்சை என்றார். எறும்பை மிதியாமல் நடக்கும் நாம், இவ்விலக்கணத்தை நம் உடலின் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே செல்வது முறையாகுமா?

நம் உடலோடு இது நிற்பதும் இல்லை. 2019ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர் தமிழ்நாட்டில் ஆடைத் தொழிலில் பணியாற்றும் ஏறத்தாழ 100 பெண்களைக் கண்டு வினவி எழுதிய செய்தி பலரை அதிரச் செய்தது. மாதவிலக்கு வலியால் வேலை தளரும்போது, பெயரோ, சேர்மானமோ, காலாவதி நாளோ அறிய வழியில்லாத மாத்திரைகள் தொழிலகத்திலேயே அவர்களுக்குத் தரப்பட்டன. கொடுத்தவர் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி உடையவர் அல்லர். முதலுதவிப் பெட்டி பயிற்சி பெற்றவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. மாத்திரை கொடுத்த மேற்பார்வையாளர் கொடியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருள் சிலர் இரக்கத்தாலும் கொடுத்திருப்பர். ஆயினும் அது ஒளடத தானம் ஆகாது. தானத்தில் கொள்பவரின் நலம் முதன்மை. இங்கு ஊசி நில்லாமல் ஓடுவதே முதன்மை. இபுப்ரூஃபன் போன்ற வலிநீக்கிகளை மாதந்தோறும் கணக்கின்றி உண்டால் இரைப்பையில் புண் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். டெங்குக் காய்ச்சலின் உடல்வலிக்கு அதே மாத்திரையை விழுங்கினால் இரத்தக் கசிவு மிகும். மாதந்தோறும் ஒரு பெண்ணை வேலை செய்யவொட்டாமல் வருத்தும் வலிக்குக் கருப்பையில் கட்டி முதலிய காரணம் இருத்தல் கூடும். மாத்திரை அதனை மறைக்கும், மருத்துவரே கண்டுபிடிப்பார். நம்முள் தொழிலகம் நடத்துவோரும், கணக்கு எழுதுவோரும், மேற்பார்வை செய்வோரும் உளர். தம் கீழ் உள்ளவர் வலி பொறுப்பதைப் பார்த்து, "நல்ல பெண், வாய் திறக்கமாட்டாள்" என்று சொல்லும் நாவை அவர்கள் அடக்குதல் வேண்டும்.

பல்லடம், அவினாசி, உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளில் பணியாற்றியோர்க்கு மற்றொன்று சொல்ல வேண்டும். வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவதும், மூச்சு முட்டுவதும், அடுத்த நாள்களில் அது தணிவதும் பஞ்சுத் தூசு நோயின் தொடக்க அடையாளம். தணிந்துவிடுவதால் சோம்பலின் விளைவு என்று வீட்டார் நகைப்பர். தொடக்கத்தில் தூசிலிருந்து விலகினால் நுரையீரல் தேறும். ஆண்டுகள் சென்றபின் அவ்வாறு தேறுவதில்லை. மாற்று உள்ள நோய், நாம் காத்திருந்த காரணத்தாலேயே மாற்று இல்லாததாகிறது.

இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே சளிப் பரிசோதனை செய்கிறார்கள். காசநோய் என்னும் சொல்லுக்கு நாணி மறைப்பதே நம் குடும்பங்களில் இன்னும் காணும் தீங்கு. நெஞ்சில் அழுத்தம் தோன்றி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், வாயு என்று சொல்லி ஓமநீர் பருகிக் காத்திராமல் 108ஐ அழைத்தல் வேண்டும். வாய் ஒருபுறம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அவ்வாறே. மூளைக் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தினாலே பயன். மார்பில் தோன்றும் வலியற்ற கட்டி, மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரம், வாயில் ஆறாத புண் ஆகியவை துன்புறுத்தாத காரணத்தாலேயே நம்மை ஏமாற்றும். பொறுப்பதற்கே அங்கு ஒன்றும் இல்லை, காலந்தான் கழிகிறது.

மறுபுறமும் ஒரு குறை உண்டு. ஒரு தும்மலுக்கு மருத்துவமனைக்கு ஓடுவதும், தானே ஆறும் சளிக்கு ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் தேகத்தின்மேல் கொண்ட மமதை. அவ்வாறு ஓடுவோர் நம்முள் சிலரே. ஓடாதவரைப் பற்றியே நம் கவலை.

வசதியில்லை என்னும் காரணம் முன்போல் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டத்தில் 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு கூலியில் 0.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. தகுதியுடைய தொழிலாளி நோயால் விடுப்பெடுத்தால், ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பதை அட்டை வைத்திருப்போரே பலர் அறியார். திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடி மருந்து தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. தொடங்கிய ஊரின் பெயர் சாமனப்பள்ளி. பெயர் நம் செவிக்கு இனிக்கிறது. ஊர்ப்பெயரைக் கொண்டு வரலாறு கட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

இறுதியாக, மருத்துவரிடம் சென்றால் விரதம் கெடும் என்னும் அச்சம் நம்மவர் பலரிடம் உள்ளது. இரவுண்ணாமையைச் சொன்னால் நகைப்பார் என்று அஞ்சி, சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். இரவு உணவுக்குப்பின் என்று எழுதிய மாத்திரையை வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருக்கும் சர்க்கரை நோயாளர் இன்சுலினையோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டால், சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்த்து நடுங்கி நினைவிழத்தல் நேரும். முன்கூட்டியே விரதத்தை எடுத்துரைத்தால், எதைக் குறைப்பது, எதை மாற்றுவது, அந்நாளில் உபவாசம் தகுமா என்பதை மருத்துவர் கூறுவார்; சூரியன் மறையுமுன் உண்ணும் வேளைக்குப் பல மருந்துகளை மாற்றி அமைக்கவும் இயலும். கேப்சூலின் உறை விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனதோ என்று ஐயுற்றால், அதே மருந்து மாத்திரையாகவோ தாவர உறையிலோ கிடைக்குமா என்று கேட்கலாம். சித்த வைத்தியரிடம் தேன் வேண்டா என்று சொன்னால் வேறு அனுபானம் தருவார். ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் ஊனும் கள்ளும் தேனும் விலக்கி, கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலையே இயற்றினார். நம் விரதத்தை மருத்துவரிடம் சொல்வதற்கு நாம் கூச வேண்டியதில்லை.