நகலும் நாணயமும்

"அசலா, நகலா?"

அமெரிக்க நாட்டின் கடற்கரை நகரம் ஒன்று. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. நீல நிற மேனி, நெற்றி முதல் முதுகுவரை ஓடும் இரண்டு வெள்ளைக் கோடுகள், இடியென உறுமும் எஞ்சின். இத்தனை எழிலோடும் வந்து நிற்கிறது ஒரு பந்தயக் கார். நடைபாதையில் நின்ற முதியவர், போன இளமை திரும்பி வந்தாற்போல் முகம் மலர்ந்து, அருகே வந்து கேட்கிறார் இந்தக் கேள்வியை. விளக்கு பச்சையாகச் சில நொடிகளே உள்ளன. காரோட்டி ஒரு புன்னகையை வீசிவிட்டுப் பறந்துவிடலாம். பொய் சொன்னான் என்ற பழி வராது. "நகல்தான், ஐயா" என்று இரண்டே சொல்லில் உண்மையை உரைத்துவிடவும் செய்யலாம். எதைச் செய்வான்? எதைச் செய்ய வேண்டும்?

சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் செல்லும் நமக்குச் சீமைக் காரைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! கார் அவனுடையது; கேள்வி நம் எல்லோருடையதும். எது மெய்? எது போலி? போலி எப்போது குற்றமாகிறது? அந்த நாற்சந்தியில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

அந்தக் காரின் பெயர் கோப்ரா. அதைப் படைத்தவர் கரோல் ஷெல்பி என்ற டெக்சாஸ்காரர். 1959இல், பிரான்சு நாட்டு லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில், மற்றொரு வீரரோடு மாறி மாறி ஓட்டி வாகை சூடியவர். இதய நோய் அவரைக் களத்தைவிட்டு விலகச் செய்தது. ஓட்ட முடியாவிட்டால் என்ன, உருவாக்க முடியுமே என்று துணிந்தார். இங்கிலாந்தில், தேம்ஸ் டிட்டன் என்ற சிற்றூரில் ஏ.சி. நிறுவனத்தார் செய்துவந்த எடை குறைந்த காரில், அமெரிக்க ஃபோர்டு நிறுவனத்தின் வலிமை மிக்க எட்டு உருளை எஞ்சினை 1962இல் பொருத்தச் செய்தார். பிறந்தது கோப்ரா! 1965இல் அதன் கூரை மூடிய வடிவம், ஜி.டி. வகைக் கார்களுக்கான பன்னாட்டுப் பட்டத்தை ஃபெராரியிடமிருந்து பறித்தது. அந்த நாட்களில் செய்யப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம் கார்கள் மட்டுமே. அவற்றுள் முதன்முதல் செய்த காரை 2016இல் ஏலத்திற்குக் கொண்டுவந்தனர். விலை, 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர்!

இருப்பதோ ஆயிரம், ஏங்குவோரோ எண்ணிலர். ஏக்கம் இருக்குமிடத்தில் தொழில் முளைக்காமல் இருக்குமா? மாசசூசெட்ஸ் மாநிலத்து வேர்ஹம் என்னும் ஊரில் 1995இல் தோன்றிய ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம், குழாய்களால் ஆன அடிச்சட்டத்தையும் கண்ணாடி இழையால் ஆன மேனியையும் வாங்குவோருக்கு அனுப்பிவைக்கிறது. வாங்கியவர், பழைய ஃபோர்டு மஸ்டாங் காரின் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கோப்ராவைக் கட்டிக்கொள்ளலாம். முன்பு போர்ட் எலிசபெத் என்று வழங்கிய தென்னாப்பிரிக்கத் துறைமுக நகரில், ஷெல்பி நிறுவனத்தின் உரிமத்தோடு செய்யப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் கார்கள் இன்னொரு வகை. எஞ்சின் நீங்கலாக மற்றெல்லாம் முடிந்த நிலையில் அவை கடல் கடந்து வருகின்றன.

"போலி! வெட்கமில்லையா?" என்று சீறுகின்றனர் அசலை உடையோர் சிலர்.

பொறுங்கள், ஐயன்மீர்! அந்த அசலின் குலமுறையைச் சற்றே விசாரிப்போம். கோப்ராவுக்குத் தாயான ஏ.சி. ஏஸ் கார் வெளிவந்தது 1953இல். ஜான் டோஜீரோ என்பார் அமைத்த பந்தயக் காரிலிருந்து பிறந்தது அது. டோஜீரோ காரின் மேனியோ, ஃபெராரி 166 பார்கெட்டாவின் வடிவைப் பார்த்துச் செய்தது. எந்த ஃபெராரியைக் கோப்ரா வென்றதோ, அந்த ஃபெராரியின் சாயலே கோப்ராவின் முகத்தில்! இன்னும் கேளுங்கள். 427 என்ற எண்ணைப் பெயராகத் தாங்கி விற்பனைக்கு வந்த கோப்ராக்கள் பலவற்றில், பந்தயத்திற்கென்று பிறந்த 427 கன அங்குல எஞ்சினுக்குப் பதிலாக, மலிவான 428 கன அங்குலச் சாலைக் கார் எஞ்சினைத் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பியது. அலுமினியத் தகட்டை அடித்து வளைத்து அந்த அழகைப் படைத்த தேம்ஸ் டிட்டன் தொழிலாளரின் பெயரோ, காரின் எந்த மூலையிலும் இல்லை. கலப்பற்ற அசல் என்று மார்தட்ட இங்கே இடம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் அசல்தன்மை என்பது எதில் இருக்கிறது? இரும்பில் இருக்கிறது என்பாருக்கு ஒரு வழக்கைச் சொல்வோம். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்று உண்டு; 'பழைய முதலாம் எண்' என்று பொருள்படும் பெயரால் அதை அழைப்பர். வென்ற பிறகும் அது பந்தயங்களில் ஓடியது. ஓடிய போதெல்லாம் உறுப்புகள் மாறின. பின்னாளில் ஒரு கோடிப் பவுனுக்கு அதை விலை பேசிய தரப்பு, "வென்ற நாளில் இருந்த உறுப்புகள் எஞ்சியிருப்பவை மிகச் சில, ஆகவே இது அந்தக் காரே அன்று" என்று வாதாடியது. 1990இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இதுவே அந்தக் கார்! உறுப்புகள் மாறலாம், ஒரு நாளும் அறுபடாமல் தொடர்ந்து வந்த வாழ்வு ஒன்று அதற்கு உண்டு, அந்தத் தொடர்ச்சியே அடையாளம் என்றார் நீதிபதி. தீசியஸ் கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னும் அது அதே கப்பல்தானா என்று கிரேக்கர் தொடுத்த வினாவுக்கு, நீதிமன்றம் தந்த விடை என்றே இதைக் கொள்ளலாம்.

செய்தவர் கையில் இருக்கிறது அசல்தன்மை என்பாருக்கு மற்றொன்று. 1957 பிப்ரவரி 12 அன்று, கவென்ட்ரி நகரின் ஜாகுவார் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. செய்யத் திட்டமிட்ட 25 எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களில் 9 வெந்து போயின. அந்த ஒன்பதையும் இப்போது செய்து முடிக்கிறோம் என்று அதே நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுனுக்கு மேல்! பெயர் அதே, நிறுவனம் அதே, வடிவம் அதே. ஆனால் செய்த கைகள் வேறு. செய்த காலம் வேறு. அன்று பிறக்க வேண்டியது ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்துப் பிறந்தால், அது அசலா, நகலா? உரிமையாளர் செய்தால் 'தொடர்ச்சி' என்றும், ஊரார் செய்தால் 'போலி' என்றும் பெயர் சூட்டுவது, பண்டத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பன்று. பட்டயத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு.

தோழர்களே! நம் வகுப்பறைக்கு வாருங்கள். கையெழுத்துப் பயிற்சி ஏட்டில், மேல்வரியைப் பார்த்துக் கீழ்வரிகளை எழுதுகிறான் ஒரு சிறுவன். அச்சு அசலாக எழுதினால் முதுகில் தட்டிக் கொடுக்கிறோம். தேர்வு அறையில், பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுகிறான் மற்றொருவன். அவனை எழுப்பி வெளியே நிறுத்துகிறோம். இருவர் செய்ததும் நகலே! பின் ஏன் ஒருவனுக்குப் பாராட்டு, ஒருவனுக்குத் தண்டனை? முதல்வன், இது என் சொந்தச் சரக்கு என்று சொல்லவில்லை. இரண்டாமவன் சொல்லுகிறான். வேறுபாடு பென்சிலில் இல்லை, தாளில் இல்லை. அந்தத் தாள் உலகுக்கு உரைக்கும் செய்தியில் இருக்கிறது.

காருக்கும் அதே அளவுகோல்தான். வடிவத்தை நகலெடுக்கலாம், உறுமலையும் நகலெடுக்கலாம், வரலாற்றை நகலெடுக்க முடியாது. லெ மான் மண்ணில் ஓடாத கார் ஓடியதாக ஆகிவிடாது. தன் செயலைத் தன் செயல் என்று சொல்வது நேர்மை. பிறர் செயலைத் தன் செயல் என்று சொல்வது களவு. பாட்டன் பெருமையைப் பேசிப் பேரன் மாலைக்குக் கழுத்து நீட்டுவதை மனிதரிடத்தில் ஏற்காத நாம், இரும்பினிடத்தில் மட்டும் ஏற்போமா?

இந்த அளவுகோலால் அளந்தால், வியப்பான விடை ஒன்று கிடைக்கிறது. 1960களில் செய்து மிஞ்சிய அடிச்சட்டங்கள் என்று சொல்லி, அவற்றின்மீது கட்டிய கோப்ராக்களை விற்க முற்பட்டார் ஷெல்பி. அந்தச் சட்டங்கள் அண்மையில் செய்யப்பட்டவை என்ற செய்தியை 1993இல் லாஸ் ஏஞ்செல்ஸ் டைம்ஸ் ஏடு அம்பலமாக்கியது. படைத்தவரே செய்தார், ஆயினும் சொன்ன சொல் மெய்யாகவில்லை. தன் கொட்டகையில் ஈராண்டு திருகாணி முடுக்கி, "இது நான் கட்டிய நகல்" என்று கூறும் எளியவனை அவர் அருகே நிறுத்துங்கள். நாணயம் யார் பக்கம்? வாய்மைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர்க்கு விடை கூறவும் வேண்டுமோ?

"படைத்தவன் உழைப்பைத் திருடலாமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டோம். ஷெல்பியும் நகல் செய்வோர்மீது வழக்குத் தொடுத்தவரே. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார் ஒரு கலைப்படைப்பு என்று 2019இல் இத்தாலிய நீதிமன்றம் ஒன்று கூறியதும் உண்டு. பெயரும் முத்திரையும் உடையவருக்கே உரியவை. அவற்றைக் கேளாமல் ஒட்டிக்கொள்வது குற்றமே. ஆனால், வடிவம் என்பது டோஜீரோவும் ஷெல்பியும் முன்னோரிடமிருந்து பெற்றதைப்போலப் பின்னோரும் பெறும் பொதுச் சொத்தாக என்றேனும் ஆகவேண்டும். இல்லையேல் கலை வளராது. கருவூலத்துக்குள் கிடந்து துருப்பிடிக்கும்.

அமெரிக்கச் சட்டமே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 2015இல் இயற்றிய சட்டம், குறைந்தது 25 ஆண்டுப் பழமை கொண்ட கார்களின் நகல்களை, ஒரு சிறு தொழிற்சாலை ஆண்டுக்கு 325 வரை செய்யலாம் என்றது. அதற்கான விதிகள் சில ஆண்டுகள் கழித்து வந்தன. வடிவத்துக்கு உரிமையாளர் இருப்பின் அவருடைய உரிமம் வேண்டும். எஞ்சின் இன்றைய புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். முழுக் காருக்குரிய மோதல் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை! இது நகல், இந்த ஆண்டுக் காரின் நகல், இன்னின்ன பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதது என்று அழியாத எழுத்தில் ஒரு சீட்டைக் காரிலேயே பதித்தாக வேண்டும். நகலெடுக்காதே என்று சட்டம் சொல்லவில்லை. நகலென்று சொல் என்கிறது!

ஆகவே, அத்தகைய காரை வாங்கப் புறப்படுவோர் விலையைக் கேட்குமுன் வேறு சில கேள்விகளைக் கேட்கட்டும். கட்டியவர் யார்? பட்டறையா, தனி மனிதரா? பிரேக்கும் ஸ்டியரிங்கும் எந்தக் காரிலிருந்து வந்தவை? பதிவுச் சீட்டில் உள்ள ஆண்டு கட்டிய ஆண்டா, 1965ஆ? ஏனெனில், நகலையும் மூலக் காரின் ஆண்டிட்டே பதிவு செய்யும் மாநிலங்கள் உண்டு. அரசாங்கத் தாளே தவறான எண்ணத்துக்கு இடம் தருமானால், உடையவன் நாக்கு இரு மடங்கு விழிப்போடு இருக்க வேண்டும். பக்கத்தில் அமரும் நண்பனிடம், மோதினால் காக்கும் காற்றுப் பை இதில் இல்லை என்று சொல்லவேண்டிய கடமையும் உண்டு. அங்கே மறைத்த உண்மை, உயிரையே விலை கேட்கும்.

கடைசிக் கேள்வியை அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரும் காணாத ஊருக்கு ஒதுங்கிய சாலையிலும் இதை ஓட்டி மகிழ்வேனா? ஆம் என்றால், அவன் வாங்குவது காரை. இல்லை என்றால், அவன் வாங்குவது பிறர் கண்ணில் தெரியப்போகும் பணக்காரத் தோற்றத்தை. அந்தத் தோற்றத்துக்கு எந்தப் பட்டறையும் உறுப்புச் செய்து தர முடியாது. நாள்தோறும் பொய்யாலேயே அதைப் பழுது பார்க்க வேண்டியிருக்கும்.

விளக்கு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. முதியவர் காத்து நிற்கிறார். மௌனமாகப் புன்னகைத்தால், அவர் மனத்தில் எழும் மாளிகை இவனுக்கு உரிமையில்லாதது.

"நகல்தான், ஐயா. ஆனால் நான் கட்டியது."

இதைச் சொல்லிவிட்டுப் போகட்டும் அவன். முதியவரின் முகம் ஒரு கணம் வாடினாலும் வாடலாம். அடுத்த கணம், எப்படிக் கட்டினாய் என்று அவர் கேட்கக்கூடும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும்போது அவன் பேசுவது முழுவதும் அவனுடைய சொந்தச் செயல். அது நகலன்று.