நோன்பு முடிந்த மறுநாள்

மார்கழி முழுவதும் விடியுமுன் நீராடித் திருப்பாவை கோஷ்டிக்கு வந்தவர், தை பிறந்த மறுநாளே சூரியோதயம் கடந்தும் உறங்குகிறார். அவர் செய்துகொண்ட ஸங்கல்பம் பொய்யோ? பொய்யன்று. அது மார்கழியோடு முடியுமென்று அவரே எல்லை வகுத்துக்கொண்டார், அவ்வளவே.

ஆண்டாள் நாச்சியார் காட்டியருளிய முறை வேறு. 2-ஆம் பாசுரத்தில் நெய், பால், மை, மலர் யாவும் விலக்கப்படுகின்றன. 27-ஆம் பாசுரத்திலோ நெய் பெய்த பாற்சோறும் ஆபரணங்களும் திரும்பி வருகின்றன! 29-ஆம் பாசுரத்தில், கேட்டு வந்த பறையும் வெறும் வ்யாஜமாய் நின்றுவிட, பிறவிதோறும் செய்யும் கைங்கர்யமே எஞ்சுகிறது. நோன்புக்கு முடிவுண்டு, நோன்பு எதன்பொருட்டோ அதற்கு முடிவில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. 6 முதல் 15 வரை பத்துப் பாசுரங்கள் உறங்குகிறவர்களை எழுப்புவதிலேயே செல்கின்றன. முப்பதில் மூன்றிலொரு பங்கன்றோ! தோழியரை ஏசினார்களேயன்றி ஒருத்தியையும் விட்டுச் சென்றாரில்லை, வாசலிலேயே நின்றார்கள். தனித்து எழ முயன்று தோற்றவரோ தம் மனவுறுதியையே பழித்துக்கொள்வர். எழுப்புவதற்கு ஒருவரைத் தேடிக்கொண்டோமா என்று நினைப்பதில்லை.

தை இரண்டாம் நாளிலும் விச்வரூபம் ஸேவிக்க இருவர் மூவர் வருவதுண்டு. விசாரித்தால், ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் தட்டி அழைத்து வந்திருப்பார்.