வேகம் குறைத்தது குற்றமா?

அலைவரிசைக்கு எல்லை உண்டு. ஒரே கோபுரத்தை நம்பி நூறு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் எல்லோருக்கும் நெட் திணறும். நெரிசல் நேரத்தில் அளவுக்கு மீறி டேட்டா இழுப்பவரின் வேகத்தைச் சற்றுக் குறைத்து மற்றவருக்கு வழிவிடச் செய்வதில் தவறில்லை. நியாயமாகச் செய்தால் அது நல்ல பங்கீடுதான்.

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனமும் இந்த நியாயத்தையே பேசியது. 2010இல் புதியவர்களுக்கு அன்லிமிடெட் திட்டத்தை நிறுத்தியது. பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் அதில் தொடர்ந்தார்கள். 2011 முதல் அவர்களில் அதிகம் பயன்படுத்தியவர்களின் வேகத்தைக் குறைத்தது. மறு ஆண்டு 3ஜி கைபேசிக்கு மாதம் 3 ஜிபி, எல்டிஇக்கு 5 ஜிபி என்று கோடு கிழித்தது. 35 லட்சம் பேர் இதில் சிக்கினார்கள் என்று மத்திய வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது.

அந்த வழக்கின் இரண்டு குற்றச்சாட்டுகள் பங்கீட்டு நியாயத்தை அடியோடு சாய்க்கின்றன. நெரிசல் இருந்ததா இல்லையா என்று பாராமலே வேகம் குறைக்கப்பட்டது. ஜிபி கணக்கில் காசு கட்டியவர்களோ அதே அளவு பயன்படுத்தியும் தடையின்றிப் போனார்கள். கூடுதல் பணம் வந்தால் நீங்கிவிடும் பற்றாக்குறை உண்மையான பற்றாக்குறை ஆகாது. 2018இல் கலிபோர்னியக் காட்டுத்தீயின்போது சாண்டா கிளாரா தீயணைப்புத் துறையின் வண்டிக்கும் இதுவே நேர்ந்தது. வெரைசன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அதன் இணைய வேகத்தை முடக்கியது. விலை கூடிய திட்டத்துக்கு மாறிய பிறகே வேகம் திரும்பியது. தவறு நேர்ந்துவிட்டதென்று வெரைசன் பின்னர் ஒப்புக்கொண்டது.

முன்கூட்டியே அறிவித்தோம் என்று ஏ.டி. அண்ட் டி. வாதிடலாம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் அபராதம் கட்டவேண்டிய ஒருவருக்கு அறிவிப்பு மட்டும் போதுமா? ஏற்கவும் மறுக்கவும் வழியிருந்தால்தான் அதைச் சம்மதம் என்று கொள்ள முடியும்.

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. பலர் சேர்ந்து கூட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கும் ஒப்பந்த விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் இதே நிறுவனத்தின் மேல்தான். தகராறு சுமார் 30 டாலருக்கு. வாடிக்கையாளருக்கு நீதிமன்றம் என்று மிஞ்சியது சிறு வழக்கு நீதிமன்றம் மட்டுமே. 2012இல் கலிபோர்னியாவின் சிமி வேலியில் ஒருவர் வேகக் குறைப்பை எதிர்த்து அங்கே தனியாக வாதாடி 850 டாலர் தீர்ப்புப் பெற்றார். அவர் கைபேசி இணைப்பை மற்றக் கருவிகளுக்கும் பகிர்ந்து ஒப்பந்தத்தை மீறியவர் என்று நிறுவனம் சுட்டியது. மீறல் உண்மைதான். அதற்கு உரிய நடவடிக்கை எடுக்கட்டும். பகிராதவர்களின் வேகத்தையும் குறைத்ததற்கு அது சாக்காகாது.

ஒவ்வொருவரின் இழப்பும் வழக்காடத் தகாத சிறுதொகை. சேர்த்துப் பார்த்தால் கோடிகள். இப்படிப்பட்ட அநீதியை ஒன்றுகூடித்தான் கேட்க முடியும். அந்த வழியை அடைத்தது வேகத்தைக் குறைத்ததைவிடப் பெரிய பாவம். 2019இல் நிறுவனம் 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு ஆணையத்தின் வழக்கை முடித்துக்கொண்டது. அதை 35 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 17 டாலர். வேகம் குறையத் தொடங்கி அதற்குள் எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.