விருந்தாளியின் வயிறு

உண்ண மறுக்கும் விருந்தாளியை வீட்டார் எவ்வளவு தூரம் வற்புறுத்தலாம்? வற்புறுத்தப்படும் விருந்தாளி எவ்வளவு தூரம் இணங்கலாம்? அற்பமாகத் தோன்றும் இக்கேள்விகள், சென்ற கோடை விடுமுறையில் நம் வீட்டுக் கூடத்தில் ஓர் உயிரச்சத்தையே உண்டாக்கிவிட்டன. அந்நிகழ்ச்சியில் குற்றவாளி நாமே. ஆதலால் அதனை மறைக்காது எழுதுவதே முறை எனத் துணிந்தோம்.

கல்பாக்கத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் இருக்கிறது நம் புதுப்பட்டினம். வடக்கே மாமல்லபுரம், அருகே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, தெற்கே பாலாற்று முகத்துவாரம் என்றிருப்பதால், விடுமுறை வந்துவிட்டால் உறவினர் வருகைக்குக் குறைவிராது. வெளிநாட்டில் பணிபுரியும் நம் மனைவியின் தம்பி நான்கு ஆண்டுகளுக்குப் பின் மனைவி மக்களுடன் வந்திறங்கினார். முன்பு 130 கிலோவுக்கு மேல் நிறையிருந்தவர். நாற்காலியில் அமர்ந்தால் எழுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும். இப்போது வந்தவரோ பாதியாக இளைத்திருந்தார். பார்த்தவுடன் அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. "தம்பிக்கு அங்கே சோறு சரியில்லை" என்ற ஒரே முடிவுடன் அவர் அடுக்களைக்குள் புகுந்தார்.

ஆட்டுக்கறிப் பிரியாணியும், கத்தரிக்காய் போட்ட தால்ச்சாவும், இறால் வறுவலும், பிரட் அல்வாவும் ஸுஃப்ராவில் பரப்பப்பட்டன. விருந்தாளியோ நான்கு கரண்டி உண்டதும் கையை எடுத்துக்கொண்டார். "வரும் வழியில் சாப்பிட்டுவிட்டோம் அக்கா" என்றார். மறுநாளும் அப்படியே, ஆனால் காரணம் வேறு. மூன்றாம் நாள் அக்காவின் முகம் வாடிவிட்டது. முகம் திரிந்து நோக்கினால் விருந்தினர் வாடுவர் என்று வள்ளுவர் அனிச்சப் பூவைக் காட்டி எச்சரித்தார். விருந்தினர் உண்ணாதபோது வாடும் வீட்டார் முகத்துக்கு எந்தப் பூவைக் காட்டியிருப்பாரோ, அறியோம். "பணம் வந்ததும் நம் சோறு கசக்கிறது போலும்" என்று அவர் நம்மிடம் முணுமுணுத்தார்.

நாம் இடையில் புகுந்தோம். ஒரு பெரிய துண்டு அல்வாவை அவர் தட்டில் வைத்து, "வல்லாஹி, இதை உண்ணாமல் நீர் எழக்கூடாது" என்று சத்தியமும் செய்துவிட்டோம். அவர் ஒரு கணம் நம்மைப் பார்த்தார். "சரி மச்சான்" என்று உண்டார். கால் மணி நேரம் சென்றிருக்கும். நெற்றியெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாரடைப்பென்று நடுங்கிய நாம் வண்டியை அழைக்க ஓடினோம். அப்போதுதான் அவருடைய மனைவி, அழுதுகொண்டே, அதுவரை மறைக்கப்பட்டிருந்ததைச் சொன்னார். ஓராண்டுக்கு முன் அவருக்கு இரைப்பையில் எடைக்குறைப்பு அறுவை நடந்திருந்தது.

நிற்க. அந்த அறுவை யாதென்பதை நாம் பின்னர் அவரிடமும் நமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடமும் கேட்டறிந்தோம். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் இதனைத் தொடங்கினார். புண்ணுக்காக இரைப்பையின் பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்து போவதைக் கண்டு எழுந்த யோசனை அது. இன்று இருவகை பெருவழக்கில் உள்ளன. ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு ஒரு குழாய் அளவுக்கு மீதி வைப்பர். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் அவ்வெட்டுண்ட பகுதியில் ஊறுவதால் பசியும் தணிகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்புறத்தில் 30 மில்லி அளவே கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதனை நேரே சிறுகுடலுடன் இணைத்துவிடுவர். நம் மைத்துனருக்கு நடந்தது இரண்டாவது. இவ்வமைப்பில் இனிப்பு மிகுந்த பண்டம், இரைப்பையில் தங்கிக் கரையாமல் விரைந்து குடலில் விழுகிறது. குடல் உடலின் நீரை இழுத்துக்கொள்கிறது. வியர்வையும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் வரலாம். சிலருக்கு இரண்டொரு மணி கழித்து இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வருவதுண்டு. நம் அல்வாத் துண்டு செய்த வேலை இதுதான். அரைமணி படுத்திருந்தபின் அவர் எழுந்து அமர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வறுவை மார்க்கத்தில் கூடுமா என்று கேட்போர் உண்டு. இறைவன் படைத்த கோலத்தை மாற்றுவதாகாதா என்பர். இதில் நாம் நெடுநேரம் நிற்கவில்லை. போரில் மூக்கறுபட்ட அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்குப் பொருத்திக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. சர்க்கரை நோயும் மூச்சுத் திணறலும் மூட்டுத் தேய்வும் கொண்டு உயிரைக் குடிக்கும் பருமனும் நோயே; நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்துக்கு மாறன்று. அழகுக்காக மட்டும் கத்தியின்கீழ்ப் படுப்பவர் கதை வேறு. ஆபத்தில்லாத சிகிச்சையுமன்று இது. நம் ஊர் வழியே செல்லும் இதே சாலையில் உள்ள புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், 2024 ஏப்ரலில் சென்னையில் இச்சிகிச்சையின்போது உயிரிழந்ததை நாளிதழ்களில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனவே தகுந்த மருத்துவரும் தகுந்த காரணமும் வேண்டும்.

நம் மனத்தை அலைக்கழித்தது வேறொரு கேள்வி. வயிற்றின் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்னும் கருத்துடைய நபிமொழியை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கத் திர்மிதியில் படிக்கிறோம். முதுகை நிமிர்த்தச் சில கவளங்களே போதும் என்ற கருத்தும் அதிலேயே இருக்கிறது. (வயிறே நோயின் இருப்பிடம் என்னும் கூற்றையும் நம் பேச்சாளர்கள் நபிமொழியென்று முழங்குவதுண்டு. அது ஹாரிஸ் இப்னு கலதா என்னும் அரபு மருத்துவரின் சொல் என்பதே ஹதீஸ்கலை அறிஞர் முடிவு. நல்ல சொல்தான், அதற்காக நபியவர்களின் பெயரில் ஏற்றலாகாது.) இச்சையை அடக்கி அந்தச் சில கவளங்களோடு நிற்பவனுக்கு நற்கூலியுண்டு என்கிறோம். கத்தி வந்து வயிற்றையே சுருக்கிவிட்டபின் நிற்பவனுக்கு என்ன உண்டு? நிரம்பிய குடத்தில் நீர் ஊற்றாதவனைச் சிக்கனக்காரன் என்போமா?

இதை அன்றிரவு மாடியில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, சற்றுத் தயங்கியே மைத்துனரிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "மச்சான், கத்தி வயிற்றைத்தான் வெட்டியது, நஃப்ஸை வெட்டவில்லை" என்றார். பிறகு அவர் சொன்னது நமக்குப் பெரும் பாடம். கறித்துண்டும் சோறும் நான்கு கவளத்தில் நின்றுவிடும். நெஞ்சில் கல் வைத்ததுபோல் அடைக்கும். ஆனால் வாயில் கரைந்து வழுக்கிச் செல்லும் பண்டங்களுக்கு அந்தத் தடையில்லை. மிக்சர், சிப்ஸ், பிஸ்கட், பால்தேநீர் இவற்றைச் சிறிது சிறிதாக நாள் முழுதும் உள்ளே அனுப்பலாம். வயிறு ஒன்றும் சொல்லாது. வீட்டில் வேளைக்கு உண்டு ஒழுங்காக இருந்தவர், பயணம் தொடங்கியதிலிருந்து விமானத்திலும் காரிலும் இதையே செய்து வந்திருக்கிறார். நம் வீட்டில் பிரியாணியை நான்கு கவளத்தில் ஒதுக்கியவர், இரவில் அனைவரும் உறங்கியபின் மிக்சர் பொட்டலத்தைத் தனியே பிரித்திருக்கிறார். அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறுவதற்கு இது ஒரு முக்கிய வழி என்று மருத்துவரும் எச்சரித்திருந்தாராம்.

இதைக் கேட்டதும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா நினைவுக்கு வந்தது. அதன் மூன்றாம் காற்பகுதியில், வயிற்றின் இச்சையை முறிப்பது குறித்த நூலில், பிறர் முன்னே உணவைத் தவிர்த்துத் தனிமையில் அதனையே உண்பவனின் நிலையை அவர்கள் ஆராய்கிறார்கள். தவிர்த்ததாகக் காட்டிக்கொள்வது முகஸ்துதியின் வாசல் என்பது அவர்கள் கருத்து. மைத்துனர் முகஸ்துதிக்காரர் அல்லர், வெட்கப்பட்டவர். ஆயினும் ஒளிவு என்ற ஒன்று இரண்டிலும் இருக்கிறது. இதிலிருந்து நம் கேள்விக்கு விடையும் கிடைத்தது. கத்தி செய்தது, ஓடுகிறவன் கையிலிருந்து ஒரு சுமையை இறக்கியது மட்டுமே. ஓட்டம் அவனுடையதாகவே இருக்கிறது. அத்தனிமையில் பொட்டலத்தை மூடிவைக்கும் ஒவ்வோர் இரவும் அவருடைய முஜாஹதா. அதற்குக் கூலி இல்லையென்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இனி நம் குற்றத்துக்கு வருவோம். அதே இஹ்யாவின் இரண்டாம் காற்பகுதி, உண்ணும் ஒழுக்கங்களைக் கொண்டே தொடங்குகிறது. 'உண்ணுங்கள்' என்று மூன்று முறைக்கு மேல் சொல்வது நச்சரிப்பும் வரம்பு மீறலும் ஆகும் என்றும், உண்ணும்படி சத்தியமிட்டு வற்புறுத்துவது தடுக்கப்பட்டது என்றும் இமாமவர்கள் அங்கே தெளிவாக எழுதியுள்ளார்கள். முப்பதாண்டு காலம் மாணவர்க்கு அப்பக்கத்தை ஓதிக்கொடுத்தவர் நாம். நம் சத்தியம் நிறைவேறிவிட்டபடியால் கஃப்பாரா கடமையாகவில்லை. ஃபிக்ஹு நூல் நம்மை விட்டுவிட்டது. வியர்த்து விறைத்த அந்த முகம் இன்றும் நம்மை விடவில்லை.

விருந்தாளியின் பக்கத்திலும் சொல்ல இருக்கிறது. உடும்பு போன்றதொரு பிராணியின் பொரித்த இறைச்சி முன்வைக்கப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்ட காலித் (ரலி) அவர்களிடம், இல்லை, தம் ஊரில் அது வழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்று காரணம் கூறினார்கள். காலித் (ரலி) அவர்கள் அங்கேயே அதனை உண்டார்கள். உணவைக் குறை சொல்லாமல், உண்மைக் காரணத்தைச் சொல்லி மறுக்கும் வழி இதில் இருக்கிறது. முன்கூட்டிக் கையெடுப்பவர் உடனுண்பவரிடம் காரணம் சொல்லி அவர்கள் கூச்சத்தைப் போக்கட்டும் என்று இஹ்யாவும் கூறுகிறது. நம் மைத்துனர், "வரும் வழியில் சாப்பிட்டோம்" என்றது உண்மையன்று. அப்பொய்தான் அக்காவின் மனத்தில் 'பணத்திமிர்' என்ற வேறொரு பொய்யை முளைக்க வைத்தது.

ஒருவர் தம் நோயை ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. 'கத்தி வைத்து இளைத்தவன்' என்ற ஏளனத்துக்கு அஞ்சியே மறைத்ததாக அவர் சொன்னபோது, நம் சமுதாயத்தின் நாவை எண்ணி நாம்தான் தலைகுனிந்தோம். எனினும் தங்கும் வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவருடைய மனைவி உடனில்லாது, நாம் அவரை மாரடைப்பு நோயாளியென்று எங்கோ கொண்டு சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடைகளில் சாதாரணமாகத் தரும் வலிமாத்திரைகளுள் சில, இவ்வறுவை செய்தவர்க்குக் குடற்புண்ணை உண்டாக்கும் என்பதுகூட அன்றுவரை நமக்குத் தெரியாது. இடுப்பு வலிக்கிறது என்றவருக்கு முதல் நாளே அத்தகைய மாத்திரையொன்றை நம் அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்திருந்தோம். அதை விழுங்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம்.

எஞ்சிய பத்து நாட்களும் வேறுவிதமாகக் கழிந்தன. அக்கா பெரிய தட்டை எடுத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையின் அடித்தட்டைக் கொண்டுவந்தார். முதலில் மீன் அல்லது முட்டை அல்லது கோழி. புரதமே முதலில் செல்லவேண்டுமாம். பின்பு காய், இடமிருந்தால் ஓர் இடியாப்பத்தில் பாதி. இருபது முப்பது நிமிடம் மென்று உண்பார். உண்ணும்போது நீர் அருந்தமாட்டார். உண்டபின்னும் அரைமணி பொறுத்தே அருந்துவார். சேர்த்துக் குடித்தால் உணவை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது காரணம். நம் கடற்கரை வெயிலிலோ நீர் குறைந்தால் மயக்கம் வரும். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிக்கவும் இயலாது. எனவே எங்கு சென்றாலும் கையில் நீர்ப்புட்டியுடன், வேளைகளுக்கு இடையில் மிடறு மிடறாக நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் அருந்தினார். வாயு ஏற்றிய குளிர்பானங்களை அவர் தொடவில்லை. சர்பத்துக்கும் கரும்புச் சாற்றுக்கும் அல்வாவின் கதிதான். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுதும் தேவையாம். அவை கைப்பையிலேயே இருந்தன. மாத்திரையின் கூடு எதனால் ஆனது என்று பார்த்து வாங்கியதாகவும் சொன்னார். அந்தப் பேணுதல் நமக்கு மகிழ்ச்சி தந்தது.

மாமல்லபுரம் சென்றபோது உணவகத்தில் ஒரு சிக்கல். ஒருவருக்கென்று வைக்கும் பிரியாணியில் அவர் உண்பது ஆறிலொரு பங்கு. மீதி குப்பைக்குப் போனால் அது இஸ்ராஃப். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்தை அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் ஓதும் நாம், விரயம் என்பது தட்டில் எஞ்சுவது மட்டுமே என்று எண்ணிப் பிள்ளைகளை வயிற்றில் திணிக்கச் சொல்கிறோம். தேவைக்கு மேல் வயிற்றில் தள்ளியதும் விரயமே. முடிவில் அவர் தமக்கெனத் தனித்தட்டு கேட்கவில்லை. மகனுடைய தட்டிலிருந்து இரண்டு துண்டு கோழியை எடுத்துக்கொண்டார். பரிமாறியவர் இருமுறை வந்து "சாருக்கு என்ன?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

புறப்படும் நாளன்று, வழக்கம்போல் அக்கா அல்வாவும் முறுக்கும் டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. "தம்பிக்கு எதைக் கட்டித் தருவது?" என்று நம்மைக் கேட்டார். கூடத்திலிருந்து மைத்துனரே குரல் கொடுத்தார்: "அக்கா, வஞ்சிரக் கருவாடு இருக்கிறதா?"