காட்டுச்சேவல் இறகும் பதிலியின் எல்லையும்

அகத்திய மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரையைக் கடந்து, பூவாறில் கடல் சேரும் நெய்யாற்றின் மேற்பகுதிக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்கு, கழுத்திறகுகளில் மெழுகு சொட்டியது போன்ற வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் உண்டு. பாறசாலையை ஒட்டிய எல்லைச் சிற்றூர்களில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவோருக்கு இவ்விறகால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனில், தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றிச் சால்மன் மீனுக்கான பொய்யிரையாகிய ‘செயற்கை ஈ’யைக் கட்டியோர், அப்புள்ளியை ஈயின் கண்ணாகக் கொண்டு பெரிதும் விரும்பினர். இன்று வேட்டைக்கும் ஏற்றுமதிக்கும் தடை இருப்பதால், ஈ கட்டுவோருள் சிலர் வளர்ப்புப் பறவையின் இறகையும், சிலர் பிளாஸ்டிக்கில் செய்த கண்ணையும் கொள்கின்றனர். அவ்வாறு கட்டியது அதே ஈதானா என்னும் வினா, வேள்விச் சடங்கின் விதிகளை ஆராயும் மீமாம்சை நூலார் வேறொரு பொருளை முன்னிட்டுப் பண்டே எழுப்பியதாகும்.

ஜைமினியின் மீமாம்சைச் சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் ‘பிரதிநிதி’யை, அதாவது விதித்த பொருள் கிடைக்காதபோது அதனிடத்தில் கொள்ளும் பதிலியை, விரிவாக ஆராய்கிறது. நெல் கிட்டாவிடில் அதனை ஒத்த நீவாரம் என்னும் காட்டு நெல்லைக் கொள்ளலாம்; ஆனால் உளுந்து, வரகு முதலியவை வேள்விக்கு ஆகாதவை என விலக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு ஒத்திருப்பினும் பதிலியாகா. தக்கதெனக் கொண்ட பதிலியும் தீர்ந்துபோனால், அடுத்துத் தேட வேண்டியது பதிலியை ஒத்ததை அன்று, மூலப்பொருளை ஒத்ததையே என்னும் விதி இவற்றுள் மிக நுட்பமானது. இல்லையேல் ஒவ்வொரு மாற்றமும் முன்னதிலிருந்து சற்றே விலகி, இறுதியில் மூலத்தோடு உறவற்ற ஒன்றில் கொண்டுபோய் விடும். பொருளுக்கு இத்துணை இடம் தரும் அந்நூல், தெய்வத்துக்கும் மந்திரத்துக்கும் வேள்வி செய்பவனுக்கும் பதிலி இல்லை என்று உறுதியாக மறுக்கிறது.

ஒப்புமை யாருக்காக என்பதையும் இங்கே கேட்க வேண்டும். தெய்வம் அவியை உண்பதில்லை என்பது மீமாம்சையின் துணிபு. ஆகவே பொருளின் செம்மை உண்பவரின் நிறைவுக்காக அன்று, விதிக்காகவே பேணப்படுகிறது. அட்லாண்டிக் சால்மனும் முட்டையிட ஆறேறிய பின் இரை தேடுவதில்லை. அது ஈயைக் கவ்வினாலும் பசியால் கவ்வுவதில்லையாதலின், எந்தப் பறவையின் இறகு என்னும் கவலை முழுவதும் கட்டுபவனுடையதே. அக்கவலை முற்றியதன் விளைவாக, 2009 ஜூன் மாதம் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து, ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் திரட்டியவை உட்பட 299 பறவைத் தோல்களை, ஈ கட்டுவதில் தேர்ந்த இசை மாணவர் ஒருவர் திருடினார். சாயமேற்றிய வான்கோழி இறகு போதும் என்றிருந்தவர்களே, ஜைமினியின் அளவுகோலால், விதியை நன்கு உணர்ந்தவர்கள்.

ஆயினும் அந்த அளவுகோலையும் அப்படியே ஏற்பதற்கில்லை. நெல்லுக்குப் பதிலி தந்த அதே ஆறாம் அத்தியாயம், தன் முதற்பகுதியில் வேள்விக்குரிய தகுதியாகிய ‘அதிகாரம்’ சூத்திரருக்கு இல்லை என்று விலக்குகிறது. கோயில் பிரதிட்டைக்கு விதி வேறு நூல்களில் இருப்பினும், தகுதி பற்றிய எண்ணம் அங்கும் இதுவே. 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகேயுள்ள அருவிப்புறத்தில், அத்தகுதி மறுக்கப்பட்ட ஈழவர் சாதியில் பிறந்த நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவியபோது, இயற்கைக் கல்லை இலிங்கமாகக் கொள்வது மரபுக்குப் புதிதன்று என்பதால் கல் ஒரு பொருட்டாகவில்லை. நிறுவிய கை யாருடையது என்பதே எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. எங்கே மாற்றம் கூடாது என்று பழைய நூல் காவல் வைத்ததோ அங்கேயே குரு மாற்றினார்; அவர் செய்தது சரி. அக்கோயிலைப் பேண எழுந்த குழுவே 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது.