தூரில் பிரித்த கன்றா நீ?

"எங்கப்பா ஏலத்தோட்டத்துக் கூலி, எனக்கும் அதுதான். ரத்தம் அப்படி." போடிநாயக்கனூரில் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ரத்தம் தம்பி? முதிர்ந்த சிவப்பணுவில் மரபைச் சுமக்கும் குரோமோசோமே கிடையாது! அது இருக்கும் உடல் செல்களில் 46 உண்டு. அதில் ஒன்றிலாவது கூலிக்கணக்கு எழுதியிருக்கிறதா?

போடிமெட்டுக்கு மேலே ஏலச்செடியைக் கவனித்திருப்பாய். தூரைப் பிரித்து நட்டால் தாய்ச்செடியின் அதே அச்சு. செல் பிரியும்போது 48 குரோமோசோமும் அப்படியே படியெடுக்கப்படுகின்றன. ஆனால் செடியின் காலடியில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் ஒரு பூவைக் குனிந்து பார். வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள். அந்தப் பூவின் மகரந்தத்தில் பாதிதான், 24. சூலிலும் 24. தேனீ வந்து உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து மறுபடி 48. எண்ணிக்கை பழையது, சேர்க்கை புதியது. விதைக்கன்று எப்படிக் காய்க்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. விவசாயிக்கு அது தலைவலி. உனக்கு அதுதானடா மூலதனம்!

நீ தூரில் பிரித்த கன்று இல்லை. அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23. ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியிலும் எது வரும் என்ற கணக்கில் மட்டும் பெற்றோர் ஒருவருக்கு 83,88,608 வழிகள். ஜோடிகள் பிரியுமுன் துண்டுகளை மாற்றிக்கொள்வது இதில் சேராது. அப்பாவின் நகலாக நீ பிறந்திருக்கவே முடியாது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்பாயா? மனிதனுக்கும் 48 என்று முப்பது வருஷத்துக்கு மேல் எல்லாரும்தான் சொன்னார்கள், பெரிய பெரிய விஞ்ஞானிகள். ஜாவாவில் பிறந்து, ஜப்பானியர் சிறைமுகாமில் வதைபட்டு மீண்ட ஜோ ஹின் ஜியோ 1955-இல் ஸ்வீடனில் மைக்ரோஸ்கோப் அடியில் தானே எண்ணினார். 46! ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 1956-இல் அதை வெளியிட்டார். பாடப்புத்தகம் திருந்தியது. ஊர் சொல்வதை நீ ஒருமுறையாவது எண்ணிச் சரிபார்த்தாயா?

புதுசாகப் பிறந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. மலை முழுக்கப் பரவிய 'ஞள்ளானி' ஏலம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததில்லை. இடுக்கியில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் கண்டுபிடித்துத் தூர் பிரித்துப் பெருக்கிய ரகம் அது. எத்தனையோ தோட்டங்களில் அப்படி ஒரு நல்ல செடி முளைத்து, கவனிப்பாரின்றி அழிந்திருக்கும். கவனித்தவன் ஜெயித்தான்.

உனக்குள் முளைத்திருப்பதை நீ கவனித்தாயா? கணக்கு வருமா, மெஷின் பிரிக்க வருமா, பேச வருமா? கல்லூரி விண்ணப்பம் அலமாரியில் தூங்குகிறதே, எடு. கடைசித் தேதி போவதற்குள் நிரப்பு. தப்பானால் அடித்து எழுது, ஆனால் இன்றைக்கே எழுது!